சுவரில் காணாமல் போன நிழல்

போன வருஷம் மாசி மாதம், மாத்தளையில் நடந்தது இது. வாசனைத் திரவியத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு முதலாளி, தன் தோட்டத்துக்கு வெப்சைட் செய்ய ஆள் தேடினார். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். நானும், நாவுலயிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணும். இருவருக்குமே அது முதல் வேலை. கிடைக்காவிட்டால் கண்டியில் புடவைக் கடை வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் வேறு வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் செய்த பக்கத்தில் கறுவா, கராம்பு, ஏலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி, பின்னணியும் வெள்ளைதான். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் பெட்டிகளுக்கு மெல்லிய நிழல் மட்டும் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தேன். லெப்டொப்பில் அவை எழும்பி நிற்பதைப் பார்த்து நானே சொக்கிப் போவேன்!

காட்ட வேண்டிய நாளில் முதலாளியோ, பழைய புரொஜெக்டரில் சுவரில் காட்டச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். சுற்றிலும் ஜன்னல், பட்டப்பகல். சோதனைக்கு ஒரு தடவை போட்டேன். ஐயோ! நிழலையும் காணோம், பெட்டியையும் காணோம். கொட்டிய மிளகு மாதிரி எழுத்துகள் சுவரெங்கும் கிடந்தன. அந்தப் பதற்றத்தில் எந்த வரியை மாற்றுவதென்றே தெரியவில்லை.

அந்தப் பெண் எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"பதறாதீங்க. உங்க நிழல் ரொம்ப மெல்லிசு, இந்த வெளிச்சத்துல நிக்காது. கொஞ்சம் கருப்பாக்கிட்டு, பெட்டிய சுத்தி ஒரு சாம்பல் கோடு போடுங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சுவரில் எழும்பின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போட்டிக்கு வந்துட்டு எனக்கு ஏங்க சொல்லித் தாறீங்க?" என்றேன்.

"உங்க வேலய பாத்துட்டு முதலாளி என்னய வேணாம்னு சொல்லட்டும். அது சுவர்ல தெரியாததால நான் ஜெயிச்சா, அது என்னங்க ஜெயிப்பு?"

முதலாளி திரும்பி வந்து இருவருடையதையும் பார்த்தார். வேலை எனக்குத்தான் கிடைத்தது. முதலில் வந்து கை கொடுத்தவரும் அவர்தான். "இனிமே வெயில்லயும் ஒருக்கா பாத்துட்டு வாங்க" என்று கிண்டல் செய்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார். என்ன மனசு அது!

இன்றும் எந்தப் பக்கத்துக்கு நிழல் போட்டாலும் லெப்டொப்பை ஜன்னலோரம் வெயிலில் வைத்துப் பார்க்கிறேன். நிழல் தெரிகிறதோ இல்லையோ, அவர் முகம் தெரிந்துவிடும். என்னோடு போட்டிக்கு நிற்பவருக்காக அப்படி எழுந்து போக எனக்கு மனசு வருமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்கிறேன்.