அம்மன் பாட்டும் ஆலங்குடா வீடியோவும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஆடித் திருவிழாவோடு சேர்த்து மூன்று மாலை இசை விழா நடத்துவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கான சபை.

எனக்கு இப்போதெல்லாம் கூட்டம் என்றாலே களைப்பு. முழங்கால் ஒரு பக்கம் இழுக்கிறது, பேச்சு ஒரு பக்கம் இழுக்கிறது. ஆனாலும் போனேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண் நான். நான் போகாவிட்டால் என் கதிரையில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள், இல்லையா?

அந்தக் கதிரை எனக்குச் சும்மா வரவில்லை. ஒவ்வொரு மாலையும், கரையில் நின்று கயிறு இழுக்கிற கரைவலை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் உபயம். முதல் மாலை எங்கள் வலைக்கு உரியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகு வலையும் என் தலையில், உபயமும் என் தலையில். இரண்டையும் நான் கீழே போடவில்லை.

எங்கள் மாலையில் எப்போதும் குணசீலனின் வயலின் கச்சேரி. குணசீலன் என் வீட்டுக்காரருடைய தங்கை மகன். நாற்பதைத் தாண்டிவிட்டான். இன்னும் என்னைக் கண்டால் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டு எழும்பி நிற்பான்.

கூட்டத்தில் எழுந்த கேள்வி இதுதான். கச்சேரி கேட்க ஆள் வருவதில்லை, ஒரு மாலையைச் சினிமாப் பாட்டுக் கோஷ்டிக்குக் கொடுத்தால் என்ன?

கேட்டவன் சுதன். சந்தியில் போன் கடை வைத்திருக்கிறான். வாயும் கடை மாதிரித்தான், பூட்டுவதே இல்லை.

"பெரியம்மா, போன வருசம் மூண்டாம் நாள் மேடையில அஞ்சு பேர், கீழ நாலு பேர். அந்த நாலில ஒண்டு ஆடு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த ஆடு என்னுடையது.

"கச்சான் காத்தோட வலையைத் தூக்கிட்டு திருகோணமலை, முல்லைத்தீவு எண்டு போய் வாடியில கிடக்கிறானுகள். திருவிழாவுக்கு எண்டு ஓடி வாறானுகள். அவனுகளுக்கு ஒரு நாளாவது சந்தோசம் வேணாமா?"

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் எங்கள் பக்கக் கடல் வலை போட விடாது. கிழக்குக் கரைக்குப் போய், வாடி என்கிற ஓலைக் கொட்டிலில் படுத்து எழும்பி வருகிற பிள்ளைகள்தான்.

அத்தோடு சுதன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவன் சுதன் இல்லையே... போனை எடுத்து நீட்டினான். "இங்க பாருங்க, நம்மட குணசீலன் அண்ணனே வாசிக்கிறாரு!"

ஆலங்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டல். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைக்கு மேலே சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற இடம். நடுவில் எங்கள் குணசீலன், வாழைப்பூ நிறத்தில் ஒரு பூப்போட்ட சட்டையோடு. வயலினில் துள்ளல் சினிமாப் பாட்டு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி இளநீரும் கையுமாக ஆடுகிறாள்.

வயலின்காரரே வாசிக்கிறார், பிறகு நமக்கு என்ன தடை — இதுதான் சுதன் சொல்ல வந்தது. ஆனால் சபைத் தலைவர் நடராசா மாஸ்டர் அலுமாரியைத் திறந்து பழைய அறிக்கைக் கொப்பியை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"சினிமாப் பாட்டு வாசிக்கும் எவரும் நமது இசை விழா மேடையில் ஏறக்கூடாது."

சுதனுக்கு முகம் செத்துப்போனது. "மாஸ்டர், நான் அதுக்கா காட்டினேன்?"

"நீ எதுக்குக் காட்டினாலும் சட்டம் சட்டம்தான் தம்பி."

அந்தச் சட்டம் யார் கொண்டு வந்தது? நான்தான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மிருதங்கக்காரர் கலியாண வீட்டுக் கோஷ்டியில் அடித்துவிட்டு, அதே மினுக்குச் சட்டையோடு வந்து அம்மன் முன்னால் உட்கார்ந்தார். நான் எழும்பிப் போட்ட சத்தத்தில் தீர்மானமே நிறைவேறிவிட்டது. அதுவரை கைநாட்டு வைத்து வந்த நான் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட இடமும் அதுதான். நான்கு நாள் பழகிப் போட்டது. கொப்பியில் இன்னும் கோணலாக, கம்பீரமாக இருக்கிறது.

"அக்கா என்ன சொல்றீங்க? குணசீலனை நிப்பாட்டுறதா?" என்றார் மாஸ்டர்.

"புதன்கிழமை சொல்றேன்" என்று எழும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை குணசீலன் வந்தான். நான் பாணுக்குத் தேங்காய்ச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, கோவமா?"

"பூச்சட்டையைப் போட்டுட்டு வரல்லையா?"

"அது ஹோட்டல்காரன் தந்தது மாமி. துவைச்சுப் போட்டிருக்கு."

"எவ்வளவு காலமா இந்தக் கூத்து?"

"மூண்டு சீசனா."

"கோயில்ல வாசிக்கிற கை எண்டு ஒரு நினைப்பில்லையா உனக்கு?"

அவன் கையை விரித்துப் பார்த்தான். "கோயில்ல எனக்கு வருசத்துக்கு ஒரு மாலை. மற்ற நாளில இந்தக் கை என்ன செய்யிற? உங்கட வலைக் கயிறுதான் இழுக்கணும். இழுத்தா விரல் காய்ச்சுப் போகும். காய்ச்ச விரலுக்குக் கமகம் வராது. ஹோட்டல்ல வாசிக்கிறதாலதான் அந்த ஒரு மாலைக்கு எனக்கு விரல் இருக்கு."

என் வலையில் கயிறு இழுக்கிறவர்களின் கை எனக்குத் தெரியாதா? ஆனால் விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "அதுக்கு எண்டு சினிமாவா?" என்றேன்.

"மாமி... கடைசியில ஒரு அம்மன் பாட்டு வாசிக்கச் சொல்லுவீங்களே..."

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கிழிந்த வலை பொத்தும்போது ஒரு மெட்டை முணுமுணுப்பார். என்ன பாட்டு என்று கேட்டதற்கு, திருகோணமலையில் வாடி போட்டிருந்தபோது அம்மன் கோயிலில் கேட்டது என்றார். அவர் போன பிறகு அதை நான் குணசீலனுக்கு முணுமுணுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து எங்கள் மாலையில் அதுதான் கடைசி உருப்படி. அது தொடங்கியதும் நான் எழும்பிக் கைகூப்புவேன். எனக்குப் பின்னால் பெண்கள் எழும்புவார்கள். சபை எழும்பும். மாஸ்டரும் எழும்புவார்.

"அந்தப் பாட்டுக்கு என்ன?"

"அது சினிமாப் பாட்டு மாமி."

"வாயை மூடு."

"உண்மையாத்தான். மாமா திருகோணமலைத் தியேட்டர்ல பாத்த படம். ஒருத்தி தண்ணிக் குடத்தோட போறா. ஒருத்தன் பின்னால சைக்கிள்ல பாடிட்டு வாறான்."

"அதில அம்மன் எங்க வருது?"

"வரல்ல மாமி. சைக்கிள்தான் வருது."

போனில் போட்டுக் காட்டினான். அதே மெட்டு. முதல்முறையாகச் சொற்களோடு கேட்டேன். இடுப்பைப் பற்றி இரண்டு வரி... வேண்டாம், விடுங்கள்.

எனக்குக் கோபம் குணசீலன் மேல் வரவில்லை. செத்துப்போன மனிதன் மேல் வந்தது. சினிமாப் பாட்டு என்றால் நான் வாசலுக்கு உள்ளே விடமாட்டேன் என்று தெரிந்து, அதற்குத் திருநீறு பூசிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள்.

புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. சட்டம் நிற்கும், என் கையெழுத்து நிற்கும், என் மானம் நிற்கும். குணசீலனுக்கு அந்த ஒரு மாலை மட்டும் போய்விடும். அவ்வளவுதான் — எனக்கு அது சின்ன விசயம். அவனுக்கு? விரலைக் காப்பாற்றி வைத்திருப்பதே அந்த ஒரு மாலைக்காகத்தானே?

புதன்கிழமை போனேன். உட்கார்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் எழும்பக் களைப்பு, சொல்லவும் களைப்பு.

"அந்தத் தீர்மானத்தை வெட்டுங்க மாஸ்டர்." பாட்டின் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். குடம், சைக்கிள், எல்லாம்.

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"எப்ப இருந்து?"

"முதல் வருசத்தில இருந்து. அந்தப் படத்தை நானும் உங்கட வீட்டுக்காரரும் ஒண்டாத்தான் பாத்தோம்."

"நானும்தான் அக்கா" என்றார் மூன்றாம் மாலை உபயகாரர். "வாடியில இருந்து ஒரே லொறியில போனோம்."

"அப்ப ஏன் எழும்பிக் கும்பிட்டீங்க?"

"நீங்க எழும்பி நிக்கக்குள்ள நாங்க குந்திட்டு இருக்கிறதா அக்கா? பிறகு ஊரில இருக்க ஏலுமா?"

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். என் கோபத்துக்குப் பயந்து ஒரு ஊரே, சைக்கிளில் போன ஒருவனை வருடா வருடம் கைகூப்பிக் கும்பிட்டிருக்கிறது. நானோ எல்லோருக்கும் பக்தி கூடிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சுதன் இதுதான் சமயம் என்று எழும்பினான். "அப்ப பெரியம்மா, கோஷ்டிக்கு ஒரு நாள்?"

"இல்லை."

"அடக் கடவுளே!"

பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லையா இந்த நாட்டில்? பஸ்ஸில் இருக்கிறது, த்ரீவீலில் இருக்கிறது, சுதனின் கடை வாசலில் காலை ஆறு மணிக்கே இருக்கிறது. மெதுவாகப் பாடுகிற பாட்டுக்கு வருடத்தில் மூன்று மாலை. அதுவும் இருக்கட்டுமே. ஆள் வராவிட்டால் என் ஆடு வரும்.

ஆனால், மேடையில் ஏறுகிறவனை மறித்து "நேற்று எங்கே, என்ன வாசித்தாய்?" என்று கேட்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். பாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, தென்பும் இல்லை. மூன்று மாலையும் கடைசி உருப்படி சனம் விரும்பிக் கேட்பது. அது எங்கிருந்து வந்தது என்று சபை கேட்காது. இதையும் சேர்த்துச் சொன்னேன். சுதன் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றான்.

மாஸ்டர் பேனையைத் திறந்தார். "தீர்மானத்தை வெட்டினதுக்கு என்ன காரணம் எண்டு எழுதுற அக்கா?"

"கொண்டு வந்தவளே முதல் வருசத்தில இருந்து மீறிட்டாள் எண்டு எழுதுங்க."

எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். இந்தமுறை முன்னையதைவிடக் கோணல்.

வெளியே மதிலோடு சாய்ந்து நின்ற குணசீலனிடம் விசயத்தைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையோடு குறும்பும் வந்துவிட்டது. "அப்ப கடைசியில என்ன வாசிக்கிற மாமி?"

"வழமையானதை வாசி."

"எழும்பிக் கும்பிடுவீங்களா?"

கும்பிடத்தான் போகிறேன். இத்தனை வருடம் கும்பிட்டாயிற்று — அம்மன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.