வெண்கலத்தில் ஒரு அப்பா

எங்கள் லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக்குக்கு 'ஆமை' என்று பெயர். கம்பிக் கயிற்றைச் சோதிக்கச் சொன்னால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார். கீழே நின்று குடியிருப்பவர்களிடம் திட்டு வாங்குபவன் நான். எத்தனையோ முறை கோபம் தலைக்கேறியிருக்கிறது. ஆனால் அவர் கை வைத்த லிஃப்ட் அத்தனை சீக்கிரம் மக்கர் பண்ணாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய மனைவி பிரிந்தபோது மகளும் அம்மாவோடு போய்விட்டாள். போன் பண்ணினால் "ம்", "சரி", அவ்வளவுதான். ஆனால் இருவரும் போனில் சேர்ந்து ஆடும் ஒரு துப்பாக்கி ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் ஹெட்போனில் ஓயாமல் பேசுவாள். "அப்பா, பின்னாடி ஆளு! ஐயோ, மறுபடியும் செத்துட்டீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே மனிதர் தினமும் போய்ச் செத்துக்கொண்டிருந்தார்.

அவள் கெட்டிக்காரி, மளமளவென்று ஏறிவிட்டாள். ரேங்க் ஆட்டத்தில் அடுத்தடுத்த ரேங்க்காரர்கள்தான் ஒரே அணியில் சேர முடியும். அவள் வைரம், இவர் கடைசிப் படியான வெண்கலம். "நீங்க மேல வாங்கப்பா, அப்புறம் சேர்ந்து ஆடலாம்" என்றாளாம்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், மோட்டார் அறையில் கிரீஸ் கையைத் துடைத்த கையோடு, எப்போதும் ஆட்டம்தான். சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பார்றா, லெவல் இருநூறு. இப்போ சேர்த்துக்கும்ல?"

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அட போங்கண்ணே! லெவல் வேற, ரேங்க் வேற. சும்மா ஆடினாலே அனுபவப் புள்ளி சேர்ந்து லெவல் ஏறும். தோத்தாலும் ஏறும், இறங்கவே இறங்காது. ரேங்க் அப்படியில்ல, ஜெயிச்சாத்தான் ஏறும், தோத்தா இறங்கும். நீங்க இத்தனை நாளும் ஆடினது வெறும் சாதா ஆட்டம்!"

"ஓ" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, இப்படிக் கத்தியிருக்க வேண்டாமே என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணே, சாதா ஆட்டத்துக்கு ரேங்கே தேவையில்லையே! யார் வேணா யாரோட வேணா சேரலாம். இதுலயே பாப்பாவைக் கூப்பிடுங்க. இதோ பாருங்க, ஆன்லைன்லதான் இருக்கா."

"தெரியும்டா. தினமும் கூப்பிடுறேன், வர்றதில்ல" என்றார். "அவளுக்கும் தெரியும்."

அவர் போனை என் கையில் கொடுத்தார்.

"ரேங்க் ஆட்டத்துக்கு எதை அழுத்தணும், காட்டு."