மூன்றா, எட்டா

“சேட்டா, நம்பர் சொல்லண்டா, சொல்லவே வேண்டாம்” என்று இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறார் பாண்டியராஜன். விரலில் இருந்த கிரீஸ் காது மடலில் அப்பிக்கொள்கிறது. பழைய கார் இஞ்சினைக் கொண்டுவந்து இறக்கியவர் பதிவுப் புத்தகத்தைப் பாதி திறந்தபடி நிற்கிறார். “புஸ்தகத்த வண்டியில வச்சிட்டுப் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க. நம்பர் என் காதுல விழுந்தா கண்ணு கெட்டுப்போகும்.”

மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்குகள் நெருக்கியடித்து நிற்கும் சந்தின் கடைசியில் இருக்கிறது அவருடைய தகரக் கொட்டகை. பழைய கார் வைத்திருப்பவர்கள் திருச்சூர், கோட்டயம் என்று எங்கெங்கிருந்தோ தேடி வருகிறார்கள். தொழிற்சாலையில் இஞ்சின்மேல் குத்திய எண்ணை யாரோ எப்போதோ அரத்தால் ராவி அழித்திருப்பார்கள். அதை மீட்டுக் கொடுப்பது பாண்டியராஜனின் வேலை. எண்ணைக் குத்தும்போது அடியில் இருக்கும் இரும்பும் அழுந்திவிடும். மேலே ராவினாலும் அந்த அழுத்தம் உள்ளே கிடக்கும். இடத்தைக் கண்ணாடிபோல் தேய்த்து, அமிலத்தில் நனைத்த பஞ்சால் ஒற்றிக்கொண்டே இருந்தால் எண் மங்கலாக மேலே வரும். ஈரம் காய்ந்ததும் மறையும். போனில் படம் எடுத்தால் பளபளப்புதான் விழும் என்பதால், கண்ணால் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வயது ஐம்பத்து மூன்று. பள்ளுருத்தியில் பிறந்தவர். ஒரு மூக்குக் கண்ணாடிக்குமேல் இன்னொன்று போட்டுக்கொள்வார். அமிலம் தின்றதில் வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருக்கிறது. தமிழில் பேசுவார், மலையாளத்தில் எழுதுவார். எண்ணை மட்டும் எந்த மொழியிலும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். எண் எழும்பியதும் சந்தைப் பார்த்து, “செல்வீ” என்று ஒரு குரல் கொடுப்பார். அடுத்த கிடங்கில் சுக்கு பொறுக்கும் அவர் மனைவி இசக்கிசெல்வி தூசி படிந்த கையோடு வந்து குனிவார், ஒவ்வொன்றாகப் படிப்பார், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். மனைவி சொன்னதும் தாம் எழுதியதும் ஒத்துப்போனால்தான் தாளில் கையெழுத்து.

இந்தப் பழக்கமெல்லாம் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் அவரிடம் எண்ணைச் சொல்லலாம். தேவராவில் இருக்கும் ஷங்கர் அப்படித்தான் சொன்னார்.

ஷங்கர் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஒரு ஃபியட் வைத்திருந்தார். அப்பா இறந்ததும் அதை விற்றுவிட்டார்கள். பல வருடம் தேடி, அதே நிறத்தில், அதே காலத்து வண்டி ஒன்றை ஷங்கர் கண்டுபிடித்தார். இஞ்சினில் எண் அழிக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா வண்டியின் பழைய காகிதத்தோடு பாண்டியராஜனிடம் வந்து, “ஆறு இலக்கம், கடைசி எட்டு” என்றார். பாண்டியராஜன் பஞ்சால் ஒற்றினார். ஐந்து எண்கள் பளிச்சென்று வந்தன. கடைசி எண்ணின் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்தே இருந்தது. அமிலம் சரியாக ஏறவில்லை என்று நினைத்து எட்டு என்று எழுதிக் கொடுத்தார். அப்பாவின் வண்டியேதான் என்று ஷங்கர் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாராம்.

ஆறு மாதத்துக்கு முன் ஆலப்புழையிலிருந்து சுபாஷிணி என்கிற நடன ஆசிரியை ஒரு இஞ்சினை அனுப்பிவைத்தார். காகிதம் ஏதும் இல்லை. பாண்டியராஜன் தேய்த்தார், ஒற்றினார். ஆறு எண்கள் வந்தன. கடைசியில் எட்டு, இரண்டு சுழியும் மூடிய முழு எட்டு. எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று நோட்டைப் புரட்டினால் ஷங்கரின் எண்.

நான் அவரை முதலில் பார்த்தது அந்த வாரத்தில்தான். பழைய வண்டிகளைப் பற்றி எழுதப் போன என்னிடம், “ஆகெ கன்பூஷன், சாரே” என்றார். “ஒரே நம்பர்ல ரெண்டு இஞ்சின் வராது. அது எட்டுன்னா இது என்ன? இது எட்டுன்னா நான் அங்க என்னத்தப் பாத்தேன்? அவர் சொன்னதையா, இரும்பு சொன்னதையா?”

நான்கு நாள் கொட்டகைக்குள்ளேயே நடந்தார். சாயாவை வாங்கி வைத்துவிட்டு மறந்தார். ஐந்தாம் நாள் இசக்கிசெல்வி சொன்னார்: “போய்ச் சொல்லிட்டு வாங்க. நீங்க உறங்கலன்னா நானும் உறங்க முடியல.”

தோப்பும்படி வழியாகத் தேவராவுக்கு பஸ்ஸில் போனோம். மடியில் அமிலப் புட்டியும் பஞ்சும். வழியில் இரண்டு முறை, “இறங்கிடலாமா சாரே” என்று கேட்டார்.

வீட்டு முற்றத்தில் வண்டி நின்றிருந்தது. முன் சீட்டில் ஷங்கரின் அம்மா பாக்கியலக்ஷ்மி அம்மாள். எண்பத்து நான்கு வயது. மாலையில் ஒரு மணி நேரம் அதில் உட்காராமல் இருக்கமாட்டார் என்று ஷங்கர் சொன்னார். பாண்டியராஜன் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஷங்கர் வண்டியின் கூரைமேல் கையை வைத்தார். பிறகு, “பாண்டி, அம்மாவே அடையாளம் சொன்னாங்களே. சீட்டைத் தொட்டதும் இதுதான்னாங்க” என்றார்.

பாண்டியராஜன் ஜன்னல் பக்கம் குனிந்தார். “அம்மா, இது உங்க பழைய வண்டிதானா?”

“நான் என்னத்தக் கண்டேன்? ஷங்கர் சொன்னான்.”

“எனக்கு நீ சொன்னே” என்றார் ஷங்கர், பாண்டியராஜனைப் பார்த்து.

“எனக்கு நீங்கதான் சார் சொன்னீங்க.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

பானெட்டைத் திறந்து பாண்டியராஜன் மறுபடி தேய்த்தார். முக்கால் மணி நேரம் ஒற்றினார். எழும்பியதும், எண் தெரியாத ஒரு ஆளைத் தேடுவதுபோல் தெருப்பக்கம் திரும்பினார். எண் எனக்குத் தெரியும், ஷங்கருக்கும் தெரியும். அந்த வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் பாக்கியலக்ஷ்மி அம்மாள். கையைப் பிடித்து அழைத்து வந்தோம். தம் இரண்டு கண்ணாடியில் ஒன்றைக் கழற்றி அவரிடம் கொடுத்தார் பாண்டியராஜன்.

“கடைசியில இருக்கிறத மட்டும் பாத்துச் சொல்லுங்கம்மா.”

அவர் குனிந்து பார்த்தார். “மூணு” என்றார். நிமிர்ந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். “இல்ல, எட்டு மாதிரியும் இருக்கு” என்றார்.

ஷங்கர் இஞ்சின் பக்கம் வரவே இல்லை. “நீ என்ன பார்க்கிறே, பாண்டி?”

பாண்டியராஜன் இன்னொரு முறை பஞ்சை வைத்தார். “மூணு, சார்.” குரல் தணிந்திருந்தது. “அன்னைக்கும் மூணுதான் இருந்திருக்கும்.”

ஷங்கர் உள்ளே போய், பாண்டியராஜன் அன்று எழுதிக் கொடுத்த தாளை எடுத்து வந்தார். பாண்டியராஜன் எட்டை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். “உங்க அப்பா வண்டி இஞ்சின் ஆலப்புழையில இருக்கு. அந்த டீச்சர் நல்லவங்க. கேட்டா காட்டுவாங்க” என்றார். ஷங்கர் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். கோபப்படுவாரா, நன்றி சொல்வாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

இரும்பு துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, பானெட்டைச் சத்தமில்லாமல் இறக்கினார் பாண்டியராஜன். அதற்குள் பாக்கியலக்ஷ்மி அம்மாள் தாமாகவே போய் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“அப்ப இது யாரோட வண்டிப்பா?” என்று கேட்டார்.

பாண்டியராஜன் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, வெளியே தொங்கிய அவருடைய சேலைத் தலைப்பை எடுத்து மடியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார்.