ஜெபத்தில் மூடாத கண்

"ஜெபிப்போம்" என்று கல்யாணத்தில் போதகர் சொன்னதும் சபை முழுவதும் கண்ணை மூடும். ஆபேல் அண்ணன் ஷூவைக் கழற்றுவார். சத்தம் வரக்கூடாதென்று சாக்ஸ் காலோடு பீடத்தின் பக்கம் நடப்பார். வலது சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும்.

எங்கள் சேலையூர் கோயிலில் அந்த நேரம் கண் திறந்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் போட்டோ எடுக்கிற அவர். இன்னொருவன் மணி அடிக்கிற நான். ஆமென் சொன்னதும் கயிற்றை இழுக்க வேண்டுமே.

அவர் முதன்முதலாகப் படம் எடுத்தது பல்லாவரத்தில் ஒரு கல்யாணத்தில். முப்பத்துநான்கு வருடம் ஆயிற்று. தாலிக்கான ஜெபத்தில் இவரும் பக்தியாய்க் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமென்னுக்கு அப்புறம் என் பங்குக்கு சின்னதா ஒண்ணு சேத்துக்கினேன்பா. கண்ணத் தொறந்தா, முடிச்சு போட்டு முடிஞ்சி கீது!" பெண்ணின் அம்மா விடவில்லை: "போட்டோ புடிக்க வந்தியா, ஜெபம் பண்ண வந்தியா? உனக்காகத் தாலிய அவுத்தா கட்ட முடியும்?" அன்றோடு சரி. அதன்பிறகு கல்யாண ஜெபத்தில் அவர் கண்ணை மூடியதில்லை.

ரோஷத்தில் தொடங்கியது ருசியாகிவிட்டது. கண் மூடிய முகங்களை மட்டும் ஒரு பீரோ நிறைய வைத்திருக்கிறார். "கேமராவப் பாத்தா எல்லாரும் மூஞ்சிய ரெடி பண்ணிக்கினு நிக்கிறாங்க. ஜெபத்துலதான்பா நெஜ மூஞ்சி. அதுக்குத்தான் ஆண்டவரு என்னை வெச்சிகிறாரு" என்பார். உடனே பயமும் வந்துவிடும். "இத்தினி வருஷமா கண்ணு மூடலியே, கோச்சுக்குவாரா?"

"கோச்சுக்கினா ரெண்டு பேரும் சேந்தே போலாம்ணா" என்பேன்.

போன மாதம் அவர் மகள் ஜெரூஷாவுக்குக் கல்யாணம். "அப்பா, அன்னைக்கு மட்டும் கேமராவத் தொடாத. எனக்காகக் கண்ண மூடி ஜெபம் பண்ணு" என்று கேட்டுவிட்டாள். ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எத்தினி பேரு வூட்டுப் பொண்ண எடுத்தேன். எம் பொண்ணு மூஞ்சிய விட்டுடுவேனேபா" என்று என்னிடம் வந்து புலம்பினார். அவர் மனைவி ஹெப்சி அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "கேமரா இல்லாம நின்னா, பொண்ணோட அப்பா யாருன்னு ஜனங்க தேடுவாங்க!"

அன்றைக்குப் போதகர் தாலியை உயர்த்தி "ஜெபிப்போம்" என்றார். ஆபேல் அண்ணன் குனிந்து ஷூ லேஸைத் தொட்டுவிட்டார். பிறகு சுதாரித்து நிமிர்ந்து, வயிற்றின்மேல் கைகோத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நான் கயிற்றைப் பிடித்தபடி ஜெரூஷாவைப் பார்த்தேன். மூடிய இமையோரம் தண்ணீர் கோத்திருந்தது. உதடு மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பி அவரைப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. வலது ஆள்காட்டி விரல் மட்டும் புதுக் கோட்டின் பொத்தானை ஒருமுறை மெல்ல அழுத்தியது.