ஒரு காலுக்கு மூன்று வைட்டமின்

என் கணவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். இன்னொன்று வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. அது அவருக்குத் தெரியவே இல்லை. நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். வார் சரியில்லை என்று செருப்பின் மேல் பழியைப் போட்டார். நானும் சிரித்துக்கொண்டே தெருவுக்குப் போய் அதைத் தேடி எடுத்து வந்தேன்.

அவர் பெயர் தாஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் அதன் கேபினுக்குப் போக வேண்டும். என் மாமனார் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். அவர் மகன் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிறார் என்பதில் எங்கள் வீட்டுக்கே ஒரு நிமிர்வு உண்டு. எனக்கும் உண்டு, மறைப்பானேன்?

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மெட்பார்மின் (சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) சாப்பிடுகிறார். பாதம் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் சொன்னால் கிரேன் ஏறக் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். படியில் கால் பதிந்ததா இல்லையா என்று தெரியாத ஆளை யார் மேலே ஏற விடுவார்கள்? அதனால் டாக்டரிடம் போகாமல் வைட்டமினிடம் போனார்.

முதலில் மருந்துக்கடையில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு ஒன்று வாங்கினார். பிறகு துபாயிலிருந்து வந்த என் தம்பி ஒரு பெரிய டப்பாவைக் கொடுத்தான். வெளிநாட்டு டப்பா என்றால் எங்கள் பக்கம் தனி மரியாதை. மூன்றாவது, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் விற்ற பொடி. அதைப் பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும்.

"எதுக்குங்க மூணு?" என்று கேட்டேன்.

"லோடு பெருசா இருந்தா ஒத்த சங்கிலில தூக்குவியா? நாலு சங்கிலி மாட்டுவோம். சங்கிலி கூடக் கூட சேஃப்டி" என்றார்.

இரும்புக்கு அது சரியான கணக்குதான். அந்தக் கணக்கையே அவர் தன் காலுக்கும் போட்டுவிட்டார்.

மாதங்கள் போயின. மரப்பு குறையவில்லை. பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல் இருந்தது. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியிருந்தது. அவரோ, வைட்டமின் போதவில்லை என்று பொடியை இரண்டு வேளையாக்கினார்.

இங்கே கிரேன்காரர்களின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கீழே நின்று கை காட்ட ஒரே ஓர் ஆள்தான் இருப்பார். அவர் காட்டுவதை மட்டுமே ஆபரேட்டர் கேட்க வேண்டும். ஆனால் 'நிறுத்து' என்று மட்டும் யார் காட்டினாலும், டீ கொண்டு வருபவர் காட்டினாலும், கிரேன் நின்றுவிட வேண்டும். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் இந்தக் கைபாஷைதான். விரலை மேலே சுழற்றினால் இன்னும் கொஞ்சம் சோறு. கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க அசைத்தால் 'போதும், நிறுத்து' என்று அர்த்தம்.

ஒரு நாள் காலையில் டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அது விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவருக்கே தெரிந்தது. இன்னொரு கையில் மாத்திரைகள் தயாராக இருந்தன. நான் எதிரே நின்று கையை நீட்டி அசைத்தேன்.

"இன்னா இது?"

"ஸ்டாப்."

"வைட்டமின்தான ஸ்டெல்லா. மருந்தா இது?"

"யார் காட்னாலும் நிறுத்தணும்னு நீங்கதான சொல்லுவீங்க? நான் காட்டிட்டேன். நிறுத்துங்க. சர்க்கரை மாத்திரைய மட்டும் போட்டுக்கினு கெளம்புங்க, டாக்டராண்ட போலாம்."

என்னை முறைத்தார். பிறகு மாத்திரைகளை மேசைமேல் வைத்தார். மூன்று டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு திருவள்ளூருக்குப் போனோம்.

டாக்டரம்மா டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். மூன்றிலும் பி6 (பைரிடாக்சின் என்ற வைட்டமின், அளவோடு இருந்தால் நரம்புக்கு நல்லது, அளவு மீறினால் அதே நரம்பைக் கெடுப்பது) இருந்தது. பொடியில் சர்க்கரையும் இருந்தது.

"மெட்பார்மின் ரொம்ப நாள் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையலாம். சர்க்கரையாலயும் நரம்பு கெடலாம். எதுன்னு ரத்தம் பார்த்துதான் சொல்ல முடியும்" என்றார்.

பரிசோதனையில் பி12 குறையவில்லை. பி6தான் இருக்க வேண்டியதைவிட மிக அதிகமாக இருந்தது. மூன்றையும் நிறுத்தச் சொன்னார். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. நிறுத்தின பிறகும் கொஞ்ச வாரம் இன்னும் மோசமாகலாம். பயந்துபோய்த் திரும்ப ஆரம்பிச்சிடாதீங்க."

மறுநாள் அவர் ஷிப்ட் பொறுப்பாளரிடம் தானே போய், "சார், என் காலு எனக்குத் தெரியல. என்னை மேல ஏத்தாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். எத்தனையோ டன் தூக்கியவர். அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கியதற்குத்தான் நான் அவரைப் பார்த்து அதிகம் பெருமைப்பட்டேன். கீழே நின்று கை காட்டும் வேலை கொடுத்தார்கள்.

டாக்டர் சொன்னபடியே மோசமானது. இரவில் பாதம் எரிந்தது. நடை தள்ளாடியது. தம்பி துபாயிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, நிறுத்துனதாலதான் இப்டி ஆவுது. இங்க எல்லாரும் சாப்டுகினு நல்லாத்தான கீறாங்க? மாமாவுக்குத் திரும்பக் குடு."

"உங்க மாமா காலு இன்னா உனக்கு வெளாட்டா? போன வைடா" என்றேன்.

வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். கை காட்டி நிறுத்தியவள் நான். அவர் கால் போனால் பழி எனக்குத்தான். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து அழுதேன். "நீங்க செஞ்சது சரிதாம்மா, பொறுங்க" என்றார். பொறுத்தேன். அந்த வாரங்களில் யார் பேச்சுக்கும் நான் அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை அதுதான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லாரும் சொல்கிறோம். வைட்டமினுக்கும் அது பொருந்தும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. சர்க்கரை உள்ளவர்கள் எந்தச் சத்து மாத்திரையானாலும் பொடியானாலும் வாங்கும் முன் டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே சாப்பிடுவதையெல்லாம் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாங்கிக் கொடுத்தவர் மனம் கோணுமே என்று பார்க்காதீர்கள். என் தம்பி இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை, என் கணவர் நடக்கிறார்.

நரம்பு தன் இஷ்டத்துக்குத்தான் வரும், நம் அவசரத்துக்கு வராது. எங்கள் வீட்டில் காலண்டரே மாறிப்போனது. கிறிஸ்துமஸ் வந்தபோது கணுக்காலுக்கு உணர்வு வந்தது. பொங்கலுக்குக் குதிகால். தவக்காலத்தில் பெருவிரல். ஈஸ்டர் முடிந்து உடல்தகுதி பார்த்து, டாக்டரின் சம்மதத்தோடு கிரேன் ஏற விட்டார்கள். அன்று வேலை முடிந்து வந்து சாப்பிட்டார். கை கழுவும்போது, "ஒவ்வொரு படியும் தெரிஞ்சுதுமே" என்றார்.

இடது கால் சுண்டு விரல் மட்டும் வரவில்லை. அது வராமலே போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாங்களும் அதை விட்டுவிட்டோம்.

போன வாரம் குளித்துவிட்டுக் காலைத் துடைத்தவர், "ஆ!" என்று கத்தினார். ஓடினேன். கட்டெறும்பு.

"எந்த வெரலு?" என்றேன்.

பார்த்தேன். இடது காலின் சுண்டு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டிவிடக் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, இரு" என்றார். "இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும்."