பதினெட்டாம் நெரை

என் மனைவி ஜெனட்டின் அக்கா பெட்ரீசியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. ஈப்போவில் எங்கள் சிலிபின் வட்டாரத்துக் கிளினிக்கில் நர்ஸ் மூன்று தடவை கூவினாலும் எழுந்திருக்க மாட்டார். சீட்டு எண்ணைச் சொன்னால்தான் எழுவார். அக்கா ஒரு மாதிரி என்று ஊரில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு பேரும் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அக்காவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போயிருக்கிறார். பனிமூட்டத்தில் அம்மா கூப்பிடுவது கேட்டது. குரல் போன பக்கமெல்லாம் போனார். உச்சி வெயிலில்தான் தேடிப் பிடித்தார்கள். ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டையில், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாராம். அம்மா கூப்பிடவே இல்லை.

அன்றைக்கு அம்மா ஒரு கட்டுப்பாடு போட்டார். யார் கூப்பிட்டாலும் முதலில் "எந்த நெரை?" என்று கேட்க வேண்டும். நெரை என்றால் மர வரிசை. அம்மா பால் வெட்டியது பதினெட்டாம் நெரை. அந்த எண்ணைச் சொல்லாத குரல் மனுசக் குரல் இல்லை. இப்போது அம்மாவும் இல்லை, தோட்டமும் இல்லை, அங்கே தாமான் என்று வரிசையாகக் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. எண் மட்டும் அக்கா தங்கை இருவரிடமும் இருந்தது.

போன வருடம் அக்கா டோபிக் கடை வேலையை விட்டார். முப்பது வருடம் ஊரார் சட்டையை மடித்தவர், விமானம் ஏறியதில்லை. ஜெனட் பேங்காக்குக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். எடுத்த கையோடு ஃபேஸ்புக்கிலும் போட்டாள். எந்த விமானம், எந்த ஹோட்டல், யாரோடு, எல்லாம். ஏறுவதற்கு முன் நேரலை வேறு. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது அவளுக்கு. அதில் நான் அவளுக்குச் சரியான ஜோடி.

அங்கே இறங்கியதும் ஜெனட் கழிவறைக்குப் போனாள். அக்கா தூண் ஓரமாகப் பெட்டிகளோடு நின்றார். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் அட்டையைப் பிடித்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தான். அட்டையில் அக்காவின் பெயர், அப்பா பெயரோடு, ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அரைகுறை மலாயில், ஹோட்டல் கார் வந்திருக்கிறது, தங்கை ஏற்கெனவே ஏறிவிட்டாள் என்றான். அக்கா அசையவில்லை. அவன் தன் கைப்பேசியை நீட்டினான்.

"அக்கா, நான் கார்ல ஏறிட்டேன். நீ வா லா."

ஜெனட்டின் குரல்தான். தமிழும் அவள் தமிழ்தான். அக்காவின் கால் தானாக ஓர் அடி வைத்துவிட்டது. பிறகு கேட்டார்.

"எந்த நெரை?"

கைப்பேசி கரகரத்தது. பிறகு, "அக்கா, நான் கார்ல ஏறிட்டேன். நீ வா லா."

மறுபடி கேட்டார். மறுபடி அதுவே. அதே இடத்தில் அதே மூச்சு. தண்ணீர் முழங்காலுக்கு ஏறின மாதிரி குளிர்ந்தது என்று அக்கா பிறகு சொன்னார்.

ஜெனட் ஈரக் கையை உதறிக்கொண்டு கழிவறையிலிருந்து வெளியே வந்தாள். அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் அவனைக் காணோம். அட்டை மட்டும் தூணில் சாய்ந்து கிடந்தது. ஜெனட் அதைத் திருப்பினாள். பின்பக்கம் அவள் பெயர் இருந்தது.

இரண்டு பேரும் முகப்பில் இருந்த பெண் காவலரிடம் சொல்லிவிட்டு, ஹோட்டலுக்குத் தாங்களே போன் பண்ணிக் கேட்டார்கள். கார் எதுவும் அனுப்பவில்லை என்றார்கள்.

ஈப்போ திரும்பி இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜைனுலாப்தீன் பாய் டீக்கடையில் தே தாரிக் கிளாஸை வைத்துக்கொண்டு நாலு மேசைக்குச் சொன்னேன். பாய்தான், "நல்ல விசயம் அண்ணே, நாலு பேருக்குத் தெரியட்டும் லா" என்று கைப்பேசியைப் பிடித்தார். நான் கேமராவைப் பார்த்து உபதேசம் பண்ணினேன். வெளியூர் போறவங்க வீட்டுக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வெச்சுக்குங்க, எங்க வீட்டுல என்னன்னா, என்று ஆரம்பித்து நெரையையும் சொன்னேன், எண்ணையும் சொன்னேன். பாய் அதை ஃபேஸ்புக்கில் போட்டார். தூரத்துப் பாகான் செராயிலிருந்துகூட ஆட்கள் போன் பண்ணிப் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் மூன்றாவது ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து அக்கா வீட்டில் சாப்பாடு. ஜெனட் தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் போன் அடித்தது. புது எண். கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நான்தான். ஒரு பிரச்சனையில மாட்டிக்கிட்டேன். நீ உடனே வா லா."

ஜெனட்டின் கை அப்படியே நின்றது. அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எந்த நெரை?"

"பதினெட்டு," என்றது ஜெனட்டின் குரல்.

ஜெனட் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மாவுக் கையாலேயே போனை அணைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அம்மா எனக்குன்னு வெச்சது அது ஒண்ணுதான் தம்பி," என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவும் தங்கையும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேறு ஏதோ பேசி வைத்துக்கொண்டார்கள். என்ன என்று ஜெனட்டிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நியாயம்தான், ஆனாலும் வலித்தது.

நேற்று ஜெனட் கொடுத்தனுப்பிய மீன் குழம்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டப்பகல். கேட் பூட்டியிருந்தது. உள்ளே திரை லேசாக அசைந்தது.

"அக்கா, நான்தான், டொமினிக்."

திரை அசைவது நின்றது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அதே வார்த்தைகள்தான் வாயில் வந்தன. என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து அக்கா மெதுவாக ஏதோ கேட்டார். நெரையைப் பற்றி இல்லை. நான் கேள்விப்பட்டே இராத ஒன்று. எனக்குப் பதில் தெரியவில்லை. குழம்புத் தூக்கைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.