பட்டறைக்குள் மூன்று முறை செத்த டிவி

அந்த முப்பத்திரண்டு இன்ச் எல்.ஈ.டி. டிவியை முதல் தடவை திறந்தபோதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பின் கவரைக் கழற்றியதும் பொலபொலவென்று மரத்தூள் என் மடியில் கொட்டியது. பவர் போர்டு மேல் களி கிண்டி ஊற்றினாற்போல ஒரு படிவு, நடுவில் கருகிய தடம். அயோத்தியாப்பட்டணத்தில் சர்வீஸ் கடை போட்டு இருபது வருஷமாகிறது. டிவிக்குள் கரப்பான் குடும்பம் பார்த்திருக்கிறேன், பல்லி முட்டை பார்த்திருக்கிறேன். மரத்தூள் மூட்டையை அன்றுதான் பார்த்தேன்.

கொண்டுவந்தவர் பெயர் அர்த்தநாரி. அறுபத்தைந்து வயதிருக்கும். நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் ஆசாரி வேலை பார்த்தவர். இப்போது வெண்ணந்தூரில் வீட்டோடு ஒட்டி ஷெட் போட்டுக் கதவு, கட்டில், பீரோ செய்கிறார். டிவியை வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு பஸ் மாறித் தூக்கி வந்திருந்தார்.

“அங்கேயே யாரும் இல்லையாங்கண்ணா?”

“எல்லாரும் புதுசு வாங்கிக்கச் சொல்றாங்க அம்மணி. நீங்கதான் செத்ததக்கூட எழுப்பீருவீங்கன்னு சொன்னாங்க.”

நான் குளிர்ந்து போய்விட்டேன். பொம்பளை மெக்கானிக் என்றால் ‘ஆள் யாரும் இல்லையா’ என்று என் முதுகுக்குப் பின்னால் தேடுகிறவர்கள்தான் அதிகம். போர்டை மாற்றி, டிவியைச் சுத்தம் செய்து கொடுத்தேன். “மரப்பட்டறையில எதுக்குங்க டிவி? பாட்டு கேக்கணும்னா ரேடியோ வெச்சுக்க வேண்டியதுதானே?” என்று ஒரு திட்டும் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எதற்கு என்று நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அது நான் வேலை பழகிய இடத்தில் வந்த பழக்கம். செவ்வாய்ப்பேட்டையில் என் முதலாளி சொல்லிக்கொண்டே இருப்பார்: “வர்றவன் வீட்டுக் கதையெல்லாம் பேசுவான். காதுல வாங்காத. ஸ்க்ரூவ கழட்டு, செட்டே சொல்லும்.” முதல் நாள் அவர் என் கையில் கொடுத்தது ஸ்க்ரூ டிரைவர்தான். நானும் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது சாவு

மூன்று வாரத்தில் அதே டிவி, அதே வேட்டித் துணி. அதே இடத்தில் கருகல். இந்தத் தடவை கோபம் போய் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடி போர்டை மாற்றினேன். தூசிதானே எதிரி, உள்ளேயே விடாமல் செய்கிறேன் பார் என்று அக்ரிலிக் ஷீட் வெட்டி, டிவி முழுசுக்கும் ஒரு பெட்டி செய்தேன். மூலைக்கு மூலை சிலிக்கான் பூசினேன். எறும்பு நுழையாது. “இனிமே இது உங்களுக்கு மேல ஆயுசு கெட்டிங்கண்ணா” என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

தூசி போகாத பெட்டியில் காற்றும் போகாது. டிவி வேர்க்கக்கூட வழியில்லாமல் உள்ளேயே வெந்துபோகும். தொழிலுக்கு வந்த முதல் வருஷத்துப் பையன்கூடச் செய்யமாட்டான், நான் செய்தேன்.

மூன்றாவது சாவு

ஒரு மாதம் கூட ஆகவில்லை. இந்த முறை பேக் லைட் போய்விட்டது. அதாவது படம் ஓடும், வெளிச்சம் இருக்காது. திரை கறுப்பாகத்தான் தெரியும்.

“எப்பங்க போச்சு?”

“பத்து நாளாச்சுங்க.”

“பத்து நாள் ஏன் சும்மா இருந்தீங்க?”

“சும்மா இல்லீங்க. டார்ச் அடிச்சுப் பாத்தா மங்கலாத் தெரிஞ்சுது. அத வெச்சு ஓட்டீட்டிருந்தேன். ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில இழைப்புளி. முடியலீங்க.”

கறுப்புத் திரையில் டார்ச் அடித்துப் படம் பார்க்கிற ஆளை நான் என் சர்வீஸில் கண்டதில்லை. அப்போதுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

“அப்படி என்னத்தங்கண்ணா பாக்கறீங்க இதுல?”

“ஊட்டுக்காரி மூஞ்சிங்க.”

அவர் மனைவி பாவாயி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். அதற்கு முன்னால் இருபது வருஷமாகப் பட்டறையில் பலகையின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான். இழைத்த பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அது எங்கே முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். மூலைமட்டம் அப்புறம்தான். படுத்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, பட்டறையில் இருக்கிற இழைப்பு மிஷினை விற்றுவிடு என்கிறார், வாக்கரைப் பிடித்து நடந்து பழகச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். பெங்களூரில் இருக்கிற மகள் வந்து ஒரு வழி செய்தாள். பட்டறைச் சுவரில் ஒரு போன், அம்மா கட்டிலில் ஒரு போன், நடுவில் வீடியோ கால். பாவாயி படுத்தபடியே வேலையைப் பார்க்கலாம். பட்டறைப் போன் பத்தடி தள்ளி உயரத்தில் இருக்கிறது, அதில் அவர் முகம் கட்டை விரல் அளவுதான் தெரியும். அதனால் பெரிதாகத் தெரிய அந்தப் போனோடு இணைத்த டிவி.

“குரல் மட்டும் கேட்டாப் போதாதாங்க? ஸ்பீக்கர் ஒண்ணு மாட்டித் தரேன், தூசியில நூறு வருஷம் நிக்கும்” என்றேன்.

“வாயி பொய் சொல்லுதுங்க. எனக்குச் செரமம் வேண்டாம்னு எல்லாத்தையும் ‘நல்லாருக்குது, நல்லாருக்குது’ங்கறா. பலகை கோணையா இருந்தா உதட்ட மட்டும் ஒரு சுழி சுழிப்பா. அதப் பாத்துத்தான் நான் திருத்தறேன். நான் திருத்துனா அன்னிக்கு ரெண்டு வாய் சேத்திச் சாப்புடறா. இந்த வேலையும் போச்சுன்னா படுத்தே போயிருவாங்க அவ.”

நான் இதுவரை என்ன ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

வெண்ணந்தூரில்

பேக் லைட் ஸ்ட்ரிப்பை மாற்றி, அந்த அக்ரிலிக் பெட்டியை உடைத்துப் போட்டுவிட்டு, டிவியை நானே எடுத்துப் போனேன். சுவரில் மாட்டி ஆன் செய்தேன். அர்த்தநாரி அண்ணன் சந்தோஷத்தில் பெயின்ட் அடிக்கிற கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து வந்து, டிவியின் பின்பக்கத் துளைகளில் புஸ்ஸென்று காற்றை அடித்தார்.

“ஐயய்யோ, என்னங்க பண்றீங்க!”

“சுத்தம் பண்றேன் அம்மணி. தெனமும் வேல முடிஞ்சதும் பண்ணீருவேன். பாடி கட்டற பட்டறையில எல்லாமே காத்தடிச்சுத்தானுங்க தொடைப்போம்.”

முதல் இரண்டு சாவுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் சேரும். காற்றோடு அதுவும் போய், தூளோடு குழைந்து போர்டில் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு அக்கறையாக, ஒரு நாள் தவறாமல், அந்த மனுஷன் தன் கையாலேயே டிவியைக் கொன்றிருக்கிறார். ஹோஸைப் பிடுங்கி வைத்தேன்.

பிறகு பாவாயி அக்காவின் போனைப் பார்க்க உள்ளே போனேன். மெலிந்த உடம்பு, கூர்மையான கண்.

“ஏனம்மணி, அது மறுக்காவும் செத்துப்போகுமல்லோ? உட்ருங்க. மிஷின வித்துப்போட்டு அந்த மனுசன் சும்மா உக்காரட்டும். என்னால எல்லாருக்கும் பாடு.”

“உங்களுக்காக யாரும் பாடுபடலைங்கக்கா. நீங்க பாக்கலைன்னா அவர் செய்யற கதவு கோணலா வருது. அவருக்குத்தான் நீங்க வேணும்” என்றேன். கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். அவர் போனில் தெரிந்த பட்டறையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை வைத்து ஓர் இடத்தைக் காட்டினார்.

“இது சாமான் ரூம்பு ஜன்னலு. கண்ணாடி போட்டது, தொறக்கறதே இல்ல. டிவிய ரூம்புக்குள்ள வெச்சுக் கண்ணாடி வழியாப் பட்டறையப் பாக்கத் திருப்புனா ஆகாதா? தூசி கண்ணாடியோட நின்னுக்கும். ஈரத்துணியில தொடச்சாப் போச்சு.”

இரண்டு போர்டு, ஒரு பேக் லைட், ஒரு அக்ரிலிக் பெட்டி. டிப்ளமோ படித்த நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. “இது எப்பத் தோணுச்சுங்கக்கா?”

“மொத நாளே தோணுச்சு. ஆரு என்னையக் கேட்டாங்க?”

அன்றைக்கே டிவியைச் சாமான் ரூமுக்கு மாற்றினோம். அதன் பிறகு ஒரு கோளாறும் இல்லை.

ஆறு மாதம் கழித்து அர்த்தநாரி அண்ணன் போன் செய்தார். “அம்மணி, டிவிய வந்து எடுத்துக்கிட்டுப் போயிருங்க.” அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஸ்பேர் போர்டைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினேன்.

பட்டறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் டிவி இல்லை. டிவி இருந்த இடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வாக்கரை முன்னால் நிறுத்திக்கொண்டு நாற்காலியில் பாவாயி அக்கா உட்கார்ந்திருந்தார். கட்டிலிலிருந்து அதுவரை நடந்து வருகிறாராம்.

“ரிப்பேர் இல்லீங்க. அவளுக்கு எடம் பத்தல” என்றார் அண்ணன்.

அக்கா கண்ணாடியில் தட்டினார். “முறுக்கீட்டுக் கெடக்குது! கீழ எறக்குங்க அத!” என்று கத்தினார். மிஷின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. அண்ணன் அந்த முகத்தை ஒரு பார்வை பார்த்தார், மிஷினை நிறுத்திவிட்டுப் பலகையை இறக்கினார்.

என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான். செட்டைத் திறங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், இதில் யாரைப் பார்க்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் முதல் நாளே கேட்டிருந்தால் அந்த ஜன்னலை முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். டிவி என் டேபிளில் கிடந்த நாளெல்லாம் பாவாயி அக்கா, தன் முகத்தைப் பார்க்க ஆளில்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.